நாற்பத்தேழாவது கேள்வி

நவ. 1, சனி

காலையிலிருந்து மழை. பெரிதாகவும் இல்லை, விடவும் இல்லை. மூன்று நாளாகத் துணி காயவில்லை. போட்டிருக்கும் சட்டையில் பூஞ்சை வாடை.

செய்ய வேண்டியவை:
– நாளைத் தேர்வுக்குக் கேள்வித்தாள், 100 கே.
– பல் டாக்டர் (கடைவாய், இடது)
– குடைக்கம்பி
– மல்லிகா செருப்பு, வார் தைக்க

முதலாவது மட்டும் முடிந்தது.

மதியம் அண்ணாச்சி போன். பயிற்சி மையத்து முதலாளியை எல்லாரும் கூப்பிடுவது போல் நானும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். என்னைவிட இரண்டு வயது சின்னவர்.

"என்ன வே, தாளு ரெடியா? புதுசா ரோசன பண்ணி மண்டைய ஒடைக்காதேயும். பழச எடுத்து நம்பர மாத்திப் போடும். பாளையங்கோட்டையில எவன் வே கண்டுபிடிக்கப் போறான்?"

பன்னிரண்டு வருடமாக அதுதான் செய்கிறேன். ரயிலின் நீளத்தை மாற்று. தொட்டி நிரம்பும் நேரத்தை மாற்று. தகப்பனுக்கு நாலு வயது கூட்டு. அரசு வேலைக்குப் படிக்கிறவர்கள் அதே தொட்டியை அதே குழாயால் நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

நாளைத் தேர்வு சும்மா மாதிரித் தேர்வு இல்லை. இலவசப் பிரிவுக்கு ஆள் எடுக்கிற தேர்வு. மூன்று மாதம் மையத்திலேயே தங்கிப் படிக்கலாம். சாப்பாடு, வகுப்பு, புத்தகம் எல்லாம் அண்ணாச்சி பொறுப்பு. நூற்றுச் சொச்சம் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கட்டில் முப்பது.

அடுத்தடுத்த எண்கள் கணக்கு மட்டும் மூன்று வைத்தேன். கே. 47 பழைய தாளில் இப்படி: "அடுத்தடுத்த மூன்று எண்களின் கூடுதல் 84 எனில், நடு எண் யாது?" 84-ஐ மாற்றினால் கீழே உள்ள நான்கு விடைகளையும் மாற்ற வேண்டும். பல் விண்விண் என்றது. "எண்களின்" என்பதற்கு முன்னால் "ஒற்றை" என்று ஒரு சொல் சேர்த்தேன். புதுக் கேள்வி ஆகிவிட்டது. விடை (இ) 28, அப்படியே.

முடிக்க ஐந்து மணி. மல்லிகா தாளை எடுத்துப் படித்துப் பார்த்தாள். சனிக்கிழமை, அவளுக்கு அலுவலகம் இல்லை.

"ஒங்க கணக்குல வாற அப்பனுக்கு மட்டும் எப்பவும் மகனப் போல மூணு மடங்கு வயசு. பேரு கூட வைக்க மாட்டியளா அந்த ஆளுக்கு?"

சிரித்தால் பல் வலிக்கிறது. சிரிக்கவில்லை.

நவ. 2, ஞாயிறு

மழையோடு தேர்வு. ஈரச் செருப்புகள் மாடிப்படி முழுக்க. மேலே தகரக் கூரை, அதில் சத்தம். கேள்வியைச் சத்தமாக வாசித்தால்கூடக் கேட்காது.

பேச்சியம்மாள் சீவலப்பேரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, கதவு திறக்கும் முன்பே நின்றாள். ஆறு மாதமாக ஞாயிறு வகுப்புக்கு வருகிறவள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு இருக்கும். புருஷன் விட்டுப்போய் நாலு வருடம். ஒரு பெண் குழந்தை. வாரம் முழுக்கப் பீடி சுற்றுகிறாள், ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் உட்காருகிறாள்.

வகுப்பில் என் ஷார்ட்கட்டை நம்பாத ஒரே ஆள் இவள்தான். அடுத்தடுத்த மூன்று எண்ணா, கூடுதலை மூன்றால் வகு, அதுதான் நடு எண், அடுத்த கேள்விக்குப் போ என்பது என் பாடம். இவள் மட்டும் x, x+1, x+2 என்று எழுதி, கண்டுபிடித்து, திரும்பக் கூட்டிப் பார்த்துத்தான் விடுவாள். "இப்படி ஆற அமரப் போட்டா நூறு கேள்வி பொங்கலுக்குத்தான் முடியும்" என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

உள்ளே போகும் முன் சொன்னாள்: "எடம் கெடச்சா பிள்ளைய அம்ம பாத்துக்கிடுதேன்னிருக்கா சார். கெடைக்கலைன்னா அடுத்த ஞாயித்துக்கெழம அண்ணன் எங்களத் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிருவாம். பனியன் கம்பெனியில சொல்லி வச்சாச்சு."

"அதெல்லாம் கெடைக்கும், போய் எழுது" என்றேன். எல்லாரிடமும் சொல்வது.

முடிய அரைமணி இருக்கும்போது கையைத் தூக்கினாள்.

"சார், நாப்பத்தேழாவது கேள்வி…"

"கேள்வியில ஒண்ணும் இல்லம்மா. பேசாம எழுது."

தாளை வாங்கிப் பார்க்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னேன். ஒருத்திக்குப் பதில் சொன்னால் நூறு கை எழும்பும் என்பது என் பன்னிரண்டு வருடப் பாடம்.

கையை இறக்கிவிட்டாள்.

மாலை டாக்டரிடம் போகலாம் என்று கிளம்பி, தெருமுனைத் தண்ணீரைப் பார்த்துத் திரும்பிவிட்டேன்.

நவ. 3, திங்கள்

திருத்தும் வேலை. நான் ஒருவனே. விடைகளுக்கு நேராகத் துளை போட்ட அட்டை ஒன்று உண்டு. தாளின் மேல் வைத்து, துளை வழியாகக் கறுப்பு தெரிந்தால் ஒன்று, வெள்ளை தெரிந்தால் பூச்சியம். கேள்வியே வாசிக்க வேண்டாம். டீ குடித்துக்கொண்டே செய்யலாம், குடித்தேன்.

47-ஆம் துளையில் வரிசையாகக் கறுப்பு. நாலைந்து பேர் 27, 29 என்று குத்துமதிப்பாகக் குத்தியிருந்தார்கள். மற்ற எல்லாரும் 28. நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று மனசுக்குள் ஒரு மெத்தனம்.

பேச்சியம்மாள் தாளில் அந்தத் துளை வெள்ளை.

இவளுக்கா இது தெரியாது என்று, அவள் திருப்பிக் கொடுத்த கேள்வித்தாளைத் தேடி எடுத்தேன். ஓரத்தில் பென்சிலால், பொடி எழுத்தில்:

25 27 29 = 81
27 29 31 = 87
28 ???

டீ ஆறிவிட்டது.

ஒற்றை எண் மூன்றைக் கூட்டினால் ஒற்றைதான் வரும். ஆறாம் வகுப்புச் சமாச்சாரம். 84 வராது. எந்தக் காலத்திலும் வராது. விடை என்று நான் துளை போட்டு வைத்திருக்கும் 28, ஒற்றை எண்ணே இல்லை. "இரட்டை" என்று சேர்த்திருந்தால்கூட 26, 28, 30 என்று கணக்கு நின்றிருக்கும். கைக்கு வந்தது "ஒற்றை."

அந்த ஒரு கேள்வியில் அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. கடைசி ஐந்து கேள்விகள் தொடவே இல்லை.

மொத்தம் போட்டேன். பேச்சியம்மாள் 70. முப்பதாவது ஆள், நாங்குநேரிப் பெண் ஒருத்தி, 71. அவளும் 28.

47-ஐ எடுத்துவிட்டால்? 28 போட்ட எல்லாருக்கும் ஒன்று குறையும். பேச்சியம்மாளுக்குக் குறைய ஒன்றும் இல்லை. 70-க்கு 70. சமமாக வந்தால் வயதில் மூத்தவருக்கே இடம். மையத்துப் பலகையில் ஒட்டியிருக்கும் விதி. இவள்தான் மூத்தவள்.

நாலு தடவை போட்டுப் பார்த்தேன். நாலு தடவையும் அதே.

பட்டியலைக் கையெழுத்துப் போட்டு அண்ணாச்சி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஏன் வைத்தேன்? தெரியவில்லை. மணி ஆறு, மழை, வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் இருந்தது.

நவ. 4, செவ்வாய்

இரவு தூக்கம் சரியில்லை. பல் என்று மல்லிகாவிடம் சொன்னேன்.

பத்து மணிக்கு மையம். அதற்குள் பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் போய்விட்டது. முப்பது பெயர், முப்பது பூச்செண்டுப் படம்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். கேள்வித்தாளை அவர் முன் வைத்து விரலால் காட்டினேன். அவர் கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை. மனசுக்குள் கூட்டுவது உதட்டில் தெரிந்தது.

"நூறு பேரு இருவத்தெட்டு போட்டிருக்கான். அவ்வளவு பேரும் முட்டாளா வே?"

"நான் சொல்லிக் குடுத்ததத்தான் போட்டிருக்காங்க அண்ணாச்சி."

"அப்ப உம்ம பாடம் சரியாத்தானே போயிருக்கு?"

சிரிப்பாகத்தான் சொன்னார். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"நல்லாக் கேட்டுக்கிடும். கேள்வி தப்புன்னு நாம வாயத் தொறந்தா நாளைக்கு இங்க எவன் வருவான்? பேரு வந்தவள எழும்பிப் போன்னு சொல்ல முடியுமா? நாங்குநேரிக்காரிக்குத் தகப்பன் கெடையாது, தெரியும்லா? இருக்கது முப்பது கட்டிலு. சவத்த விடும் வே."

தகப்பன் இல்லாத பெண் என்றதும் எனக்கும் வசதியாக இருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள். அந்தப் பெண்ணுக்காக இரக்கப்பட்டேன் என்பது பொய். எழும்பி வர ஒரு காரணம் கிடைத்தது, எழும்பி வந்தேன்.

மதியம் வகுப்பு. குழாய்களும் தொட்டியும்.

நவ. 5, புதன்

பல் டாக்டர். பிடுங்க வேண்டுமாம். வீக்கம் வடியட்டும், சனிக்கிழமை வாங்க என்றார். குடைக்கம்பி மாற்றியாச்சு. செருப்பு மறந்துவிட்டேன்.

மல்லிகா மாலை வந்ததும் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "அடுத்தடுத்த மூணு ஒத்த எண்ணோட கூடுதல் எம்பத்திநாலு. நடு எண் என்ன?"

"இருவத்தெட்டு." துண்டைக்கூட இறக்கவில்லை.

"இருவத்தெட்டு ஒத்த எண்ணா?"

துண்டு நின்றது. சிரித்தாள். "ஏ சாமி… நல்லா ஏமாத்துதிய." என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே மாவைக் கரைத்தாள்.

பதின்மூன்று வருடம் முன்பு, கல்யாணத்துக்கு முன்னால், நாங்கள் இரண்டு பேரும் ஒரே தேர்வை ஒரே ஊரில் எழுதினோம். அவள் ஜெயித்தாள், இன்றைக்குத் தாலுகா ஆபீஸில் இருக்கிறாள். நான் ஒரு கணக்கோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டினேன். அந்தக் கேள்வி சரியான கேள்விதான், நான் ஒரு வரியைத் தப்பாகப் படித்துவிட்டேன். அந்தப் பத்து நிமிடத்தில் என் வேலை போச்சு. அன்றைக்கு முடிவு செய்ததுதான்: இனி யோசிக்கக் கூடாது, வகுத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். மல்லிகாவுக்கு முதல் ஷார்ட்கட் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

தோசை வைக்கும்போது சொன்னாள்: "அந்தப் பிள்ளைகிட்டயாவது சொல்லிருங்க. எடம் கெடைக்காதது ஒரு பக்கம். நமக்குத்தான் கணக்கு வரலன்னு நெனச்சுக்கிட்டே போவாள்ளா."

"சொல்லுதேன்."

"எப்ப?"

பல் வலிக்கிறது என்றேன்.

நவ. 6, வியாழன்

அவளே வந்துவிட்டாள்.

மதியம் மூன்று மணி, மழை கொஞ்சம் வெறித்திருந்தது. பிள்ளையையும் கூட்டி வந்திருந்தாள். பிள்ளைக்கு ஐந்து வயது இருக்கும். மாடிப்படியை எண்ணிக்கொண்டே ஏறி வந்தது.

"சார், என் தாளத் தருவியளா? எங்க தப்பு விட்டேன்னு பாத்துக்கிடுதேன்."

"தாளு குடுக்க மாட்டோம்மா. அண்ணாச்சி ஒத்துக்க மாட்டாரு."

"சரி சார். நாப்பத்தேழு மட்டும் எப்படின்னு சொல்லிருங்க. நாலு நாளாப் போட்டுப் பாக்கேன். மூணு ஒத்த எண்ணக் கூட்டுனா ஒத்தையாத்தான் வருது. எம்பத்தொண்ணு வருது, அப்புறம் எம்பத்தேழு. நடுவுல எம்பத்திநாலு வர மாட்டேங்கு. எங்கயோ கோட்ட விடுதேன் சார், எங்கன்னுதான் தெரியல."

சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். நாலு வார்த்தை: கேள்வி தப்பு, நீ சரி.

நான் சொன்னது: "வகுப்புல சொன்ன ஷார்ட்கட் இருக்குல்லா? அதப் போடு."

"எம்பத்திநால மூணால வகுத்தா இருவத்தெட்டு. அது ரெட்டப்படையால்லா இருக்கு சார்?"

"பரீட்சையில அதையெல்லாம் ரோசிக்கக் கூடாது."

என் வாயால் சொன்னேன். பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி சார்" என்றாள். இவள் எதற்கும் சரி சார்தான். கும்பிட்டுவிட்டுப் போனாள். இறங்கும்போதும் பிள்ளை படியை எண்ணியது. பதினேழில் ஒரு எண்ணை விட்டுவிட்டுப் பத்தொன்பதுக்குப் போனது. "ஏட்டி, ஒழுங்கா எண்ணு" என்று அவள் சொல்வது கேட்டது.

வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் இல்லை.

நவ. 7, வெள்ளி

கனமழை. அணை திறந்துவிட்டார்களாம், ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம் என்று ஆட்டோவில் கத்திக்கொண்டு போனார்கள். வகுப்புக்கு வந்தது பதினொரு பேர். இலவசப் பிரிவுக்குத் திங்கள் முதல் வகுப்பு. கட்டிலுக்கு நம்பர் ஒட்டினேன், 1 முதல் 30. 27, 28, 29 ஒட்டும்போது ஒரு மாதிரி இருந்தது.

மல்லிகா: "சொல்லியாச்சா?"

நான்: "நாளைக்குப் போறேன்."

மல்லிகா: "நாளைக்குப் பல்லுல்லா?"

நவ. 8, சனி

பல்லுக்குப் போகவில்லை. ஒன்பதரை பஸ்ஸில் சீவலப்பேரி.

பஸ்ஸில் பாதிக் கூட்டம். இரண்டு பக்கமும் வயலுக்குள் தண்ணீர், நட்ட நாற்று நுனி மட்டும் தெரிகிறது. முன் சீட்டில் இரண்டு பேர், இந்த வருடம் விளைச்சல் அம்புட்டுத்தான் என்று பேசிக்கொண்டே வந்தார்கள். ஆறு செம்மண் நிறத்தில், கரைக்கு ஒரு முழம்தான் பாக்கி.

பேச்சியம்மாள் வீடு கேட்டேன். "எந்தப் பேச்சி? பரீட்ச எழுதுத பேச்சியா?" என்று ஒருவர் கை காட்டினார். ஊருக்குள் அப்படித்தான் பெயர் போல.

வாசலில் அவளுடைய அம்மா இலை பரப்பிய சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே மூட்டை கட்டியாகிவிட்டது. உரச் சாக்கில் பாத்திரம், ஒரு பை துணி, பிள்ளையின் பள்ளிக்கூடப் பை. அண்ணன் இசக்கி கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார். அந்த மரியாதை உட்கார விடவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன்.

"நாப்பத்தேழாவது கேள்வி தப்பும்மா. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன். அதுக்கு விடையே கெடையாது."

அவள் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். 1 3 5 = 9. 3 5 7 = 15. 5 7 9 = 21. இப்படியே போய் 27 29 31 = 87. அடுத்த பக்கத்தில் மறுபடி 1 3 5-இலிருந்து. அதற்கடுத்த பக்கத்திலும். மூன்று தடவை. நடுவில் நான் வியாழக்கிழமை சொன்னது: 84 ÷ 3 = 28. அதைச் சுற்றி வட்டம் போட்டு, அடித்து, மறுபடி வட்டம்.

"அப்ப நாம் போட்டது?"

"நீ போட்டது சரி. அங்க இருந்த அத்தன பேருலயும் நீ மட்டுந்தான் சரி."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனா? ஆமாம், நினைத்தேன். பஸ்ஸில் வரும்போதே அப்படி ஒரு முகத்தை நினைத்துக்கொண்டு வந்தேன்.

"அன்னைக்கே கையத் தூக்குனேம்லா சார்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொஞ்சம் கழித்து: "அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க சார். எனக்குக் கணக்கு வரும்னு. ஆறு மாசமா நான் சும்மா பஸ்ஸுக்குப் போயிட்டு வந்தேன்னு எல்லாரும் நெனைக்காங்க."

இசக்கியிடம் சொன்னேன். கேள்வி, ஒற்றை, இரட்டை, 70, 71 எல்லாம். பொறுமையாகக் கேட்டார். பீடி சுற்றும் கை நின்றது, அம்மாவும் கேட்டார்.

"சரி சார். தப்பு ஒங்க மேலங்கிய. எந்தங்கச்சி மேல இல்ல. நல்லது. இப்ப என்ன செய்யணுங்கிய? சீட்டு குடுப்பியளா?"

என் கண் அந்தக் கயிற்றில் இருந்தது.

"குடுத்தா இந்தக் கயித்த இப்பமே அவுத்திருதேன். நாளைக் காலம்பற ஏழு மணிக்கு வண்டி. அதுக்குள்ள சொல்லுங்க." பேச்சியம்மாளின் நம்பர் என்னிடம் இருக்கிறதே என்றும் சொன்னார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே சொன்னார்.

திரும்பும் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். அண்ணாச்சி சாத்தான்குளத்தில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். போன் அடித்தேன், எடுக்கவில்லை. மேளச் சத்தத்தில் கேட்டிருக்காது.

ஒரே ஒரு தடவைதான் அடித்தேன். இன்னொரு தடவை அடித்தால் எடுத்துவிடுவாரோ என்று இருந்தது.

நவ. 9, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. இன்று வகுப்புக்கும் விடுமுறை. பத்து நாளுக்குப் பிறகு வெயில். மல்லிகா எல்லாத் துணியையும் மாடியில் போட்டாள்.

ஐந்தரைக்கே விழிப்பு. ஆறு. ஆறரை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்தேன். மல்லிகா காபியை வைத்துவிட்டு, "ஏழு ஆவப்போவுது" என்று மட்டும் சொன்னாள். ஏழு அடித்தது. அதற்குப் பிறகுதான் எழுந்து சட்டை போட்டேன்.

எட்டே காலுக்கு அண்ணாச்சி வீடு. கல்யாணச் சாப்பாட்டு அசதியில் உட்கார்ந்திருந்தார்.

"கேள்வி தப்புன்னு நானே குழுவுல போடப் போறேன் அண்ணாச்சி. என் தப்புன்னே போடுதேன்."

"என்ன வே, காலையிலயே? ஒரு பொம்பளைக்கு எடம் இல்லன்னு இவ்வளவு பாடா?"

"ஒரு எடந்தான்."

"கட்டிலு இல்லன்னு அன்னைக்கே சொன்னேம்லா?"

"அவ தங்க வேண்டாம் அண்ணாச்சி. சீவலப்பேரியிலேருந்து பஸ்ஸு இருக்கு. தெனம் வந்துட்டுப் போவா."

அண்ணாச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அப்ப கட்டிலு வேண்டாமா? இத செவ்வாக்கெழமையே சொல்லித் தொலைச்சா என்ன வே? நாளைக்கு வரச் சொல்லும். முப்பத்தொண்ணாவது நாற்காலி போட்டுக்கிடலாம். குழுவுல ஒண்ணும் போடாதேயும்."

அவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஏன் தோன்றவில்லை? நாங்குநேரிப் பெண்ணை வெளியே தள்ளினால்தான் இவள் உள்ளே வர முடியும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். முப்பது என்றால் முப்பது. அதற்கு மேல் போட்டுப் பார்க்கவே இல்லை.

போன் அடித்தேன். பேச்சியம்மாள் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மறுபடி. மறுபடி. இன்று நிறுத்தாமல் அடித்தேன். பதினொன்றரைக்கு இசக்கி எடுத்தார்.

"மதுரை தாண்டியாச்சு சார்."

"சீட்டு இருக்கு. நாளைக்கே வரலாம். தங்க வேண்டாம், வீட்டிலேருந்தே வரலாம்."

"அங்க வீடு பிடிச்சாச்சு சார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கேட்டாச்சு. அவளுக்கு வேல நாளைக்குச் சேரணும். இனி எறங்கி எங்க வர?" பிறகு, "அவகிட்ட சொல்ல வேண்டாம் சார், இப்பம்தான் அழுது முடிச்சிருக்கா" என்று வைத்துவிட்டார்.

மதியம் மல்லிகாவிடம் சொன்னேன். துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். "காஞ்சிருச்சு" என்றாள், துணியை.

அண்ணாச்சி இரண்டு மணிக்கு: "அந்தப் பிள்ள வருதாளா? நாற்காலி சொல்லட்டுமா?" வேண்டாம் என்றேன். "அப்ப புதன்கெழமத் தேர்வுக்குத் தாளப் போடும்" என்றார்.

நாலு மணி. பேச்சியம்மாளிடமிருந்து வாட்ஸ்அப். நோட்டில் எழுதி, படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். பஸ் குலுக்கலில் எழுத்து கோணல்.

"சார், திருப்பூர் கிட்ட வந்துட்டோம். வழியில போட்டுப் பார்த்தேன். மூணு இரட்டை எண்ணுன்னு இருந்தா 26 28 30. ஒற்றைதான் வேணும்னா மூணு பத்தாது, ஆறு வேணும். 9 11 13 15 17 19. கூட்டினா 84 வருது. சரியா சார்?"

கூட்டிப் பார்த்தேன். ஷார்ட்கட் இல்லாமல், ஒவ்வொன்றாக. 9, 20, 33, 48, 65, 84.

சரி.

"சரி" என்று அனுப்பினேன். அதற்குக் கீழே இன்னும் ஏதோ அடித்து, அழித்து, அடித்து, அழித்துவிட்டேன். ஒரு டிக் விழுந்திருக்கிறது. இரண்டாவது இன்னும் விழவில்லை.